கிட் ரிவ்யூவர்களுக்கு ஒரு நன்றி மடல்

கோடில் நடக்கும் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் மென்பொருளான கிட் திட்டத்துக்கு நான் அனுப்பிய பேட்ச் தொடரை (கோடுக்கான திருத்தங்களின் வரிசையை) படித்துக் கருத்துச் சொன்ன அனைவருக்கும் வணக்கம்.

தொடர் மாஸ்டர் பிராஞ்ச் என்ற முதன்மைக் கிளையில் சேர்ந்துவிட்டது. கமிட்டில், அதாவது பதிவான மாற்றத்தில், ஆசிரியர் என்ற இடத்தில் என் பெயர்தான் நிற்கிறது. உங்கள் பெயர்கள் கமிட்டோடு வரும் விளக்கச் செய்தியின் அடியில் 'ஹெல்ப்டு-பை' (உதவியவர்), 'ரிவ்யூடு-பை' (சரிபார்த்தவர்) வரிகளில் இருக்கின்றன. நீங்கள் செய்ததற்கு அந்த வரிகள் போதாது என்பதால்தான் இந்த மடல்.

முதல் நன்றி, கமிட் செய்தியை விடாமல் பிடித்துக்கொண்டவருக்கு. கோட் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கேள்விகளைத் தொடங்கினீர்கள். இப்போது என்ன நடக்கிறது, அதனால் யாருக்கு என்ன தொந்தரவு, வேறு எந்த வழியை யோசித்துக் கைவிட்டீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டீர்கள். அதற்கெல்லாம் பதில் எழுத உட்கார்ந்தபோதுதான் தொடரின் நோக்கமே எனக்கு முழுதாகத் தெளிந்தது. பல ஆண்டு கழித்து யாராவது ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றிய கமிட்டைக் காட்டும் 'கிட் பிளேம்' போட்டு அந்த வரிக்கு வந்து சேர்ந்தால், காரணம் அங்கேயே கிடைக்கும். அவரும் உங்களுக்குக் கடன்பட்டவர்தான்.

டெஸ்ட் ஸ்கிரிப்டை வரி வரியாகப் படித்தவரே, பலரும் கோடை மட்டும் பார்த்துவிட்டு டெஸ்டைத் தாண்டிப் போய்விடுவார்கள். கிட் கமாண்டின் வெளியீட்டை நேராகப் பைப் வழியே சொல் தேடும் கிரெப் கமாண்டுக்கு அனுப்பினால், கிட் கிராஷ் ஆனாலும் அது தோற்றதைச் சொல்லும் எக்ஸிட் கோட் மறைந்துபோய் டெஸ்ட் பாஸ் ஆகிவிடும், அதனால் முதலில் ஒரு ஃபைலில் எழுதிவிட்டு அப்புறம் தேட வேண்டும் என்று பொறுமையாக விளக்கினீர்கள். கிட் தான் சேமிக்கும் ஒவ்வொரு ஆப்ஜெக்டுக்கும் பெயர் வைக்கும் ஹாஷ் முறைகளில் நீளமான ஷா-256-ஐ வைத்தும் டெஸ்டுகளை ஓட்டிப் பார்த்தீர்கள். ஆப்ஜெக்ட் பெயருக்கு 40 எழுத்துதான் என்று எங்கேயும் நம்பிவிடக் கூடாது, 64-உம் வரும் என்பதை அப்படித்தான் மனதில் பதித்துக்கொண்டேன்.

தொடரைப் பிரிக்கச் சொன்னவருக்கும் நன்றி. ஃபங்ஷனை இடம் மாற்றுவது தனி பேட்ச், நடத்தையை மாற்றுவது தனி பேட்ச், ஒவ்வொன்றும் தன்னளவில் கம்பைல் ஆகி டெஸ்டுகளைத் தாண்ட வேண்டும் என்றீர்கள். பிறகு பிழை எந்தக் கமிட்டில் நுழைந்தது என்று வரலாற்றைப் பாதி பாதியாகப் பிரித்துப் பார்க்கும் 'பைசெக்ட்' போட்டுத் தேடுபவர் நடுவழியில் உடைந்த கமிட்டில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க அதுதான் வழி.

புதிய ஆப்ஷன் வேண்டாம் என்று வாதாடியவருக்குச் சற்றுக் கூடுதலாகவே நன்றி சொல்ல வேண்டும். ஒரு ஆப்ஷன் ரிலீஸ் ஆகிவிட்டால் யாரோ ஒருவரின் ஸ்கிரிப்ட் அதை நம்பத் தொடங்கிவிடும், பிறகு எடுப்பது பெரும்பாடு என்றீர்கள். இருக்கிற ஆப்ஷனையே எப்படிப் பயன்படுத்தலாம் என்று சின்ன மாதிரியும் எழுதிக் காட்டினீர்கள். 'வேண்டாம்' என்று சொல்வதற்கு இவ்வளவு உழைப்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

கிட்டைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அதே 2005-ஆம் ஆண்டு ஜூலையில் பராமரிப்புப் பொறுப்பை ஜூனியோ ஹமானோவிடம் கொடுத்தார். அன்றிலிருந்து ஹமானோ காத்துவரும் ஒழுங்கின் பலன் எனக்கும் கிடைத்தது. தொடரை முதலில் 'சீன்' பிராஞ்சில் வைத்து மற்றவர்களின் வேலையோடு மோதுகிறதா என்று பார்த்து, உங்கள் கருத்துகள் அடங்கிய பிறகு 'நெக்ஸ்ட்'டில் சில காலம் ஊறவிட்டு, அப்புறம்தான் மாஸ்டருக்கு எடுத்தார்கள். அந்த அவசரமின்மைக்கு நன்றி.

அடுத்த தொடரை எழுதிக்கொண்டிருக்கிறேன். திருத்திய பதிப்பு ஒவ்வொன்றோடும், முந்தைய பதிப்பிலிருந்து மாறியதைக் காட்டும் ரேஞ்ச்-டிஃப் சேர்த்தே அனுப்புகிறேன். முன்பு படித்ததையே நீங்கள் மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டியிருக்காது.

நன்றியுடன்,
உங்களிடம் கற்ற ஒரு பங்களிப்பாளர்