கடலோரப் புழுக்கமும் பட்டாளமும்

புதுச்சேரி

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. பேரன் பிறந்த சேதியில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் ராணுவத் தேர்வுக்கு ஓடிப் பழகும் பையன்கள், "வெயில் கூடுவதற்கும் நாட்டுப் பாதுகாப்புக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கிறார்களாமே. அவர்கள் உடம்பிலிருந்தே தொடங்கு.

படைகளில் வெயிலை அளக்க மூன்று வெப்பமானி வைப்பார்கள். ஒன்றில் ஈரத்திரி சுற்றியிருக்கும். இன்னொன்று கறுப்புப் பூசிய செம்பு உருண்டைக்குள் இருக்கும். மூன்றாவது நிழலில் தொங்கும். திரியின் அளவை 0.7, உருண்டையை 0.2, நிழலை 0.1 ஆல் பெருக்கிக் கூட்ட வேண்டும். கடலூரில் கத்திரி வெயிலின்போது நிழல் 36 டிகிரி, திரி 29, உருண்டை 47 என்று வைத்துக்கொள். கூட்டினால் 33.3. ராஜஸ்தான் பாலையில் நிழல் 42, திரி 23, உருண்டை 55 என்றாலும் 31.3 தான். புழுக்கத்தில் வியர்வை உலராது, உலராத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. கடல் சூடாகச் சூடாகக் காற்றில் ஈரம் இன்னும் ஏறும்.

அமெரிக்கத் தரைப்படை அட்டவணைப்படி இந்தக் கூட்டுத்தொகை 32.2 தாண்டினால் கடும் வேலை மணிக்கு 10 நிமிடம், மீதி 50 நிமிடம் ஓய்வு. ஒரு மணி நேரப் பயிற்சியை முடிக்க ஆறு மணி நேரம் வேண்டும்! புழுக்கத்தில் குண்டு துளைக்காத கவசம் மாட்டினால் அந்தத் தொகையோடு 2.8 டிகிரி கூட்டிக்கொள்ள வேண்டும். தண்ணீர் மணிக்கு ஒரு லிட்டர் போதும். ஒன்றரை லிட்டர் தாண்டிக் குடித்துக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கி வலிப்புகூட வரலாம். வெயிலுக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாள் ஆகும். லடாக்கிலிருந்து இறங்கும் பிரிவை மறுநாளே பாலையில் நிறுத்த முடியாது என்பது அதனால்தான். போர்த் திட்டம் போடுகிறவர் இந்த நாட்களையும் கணக்கில் எடுத்தாக வேண்டும்.

இதை மட்டும் பையன்களுக்கு மனப்பாடம் ஆகும்வரை சொல். ஓடும்போது ஒருவன் தள்ளாடினால், பிதற்றினால், ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டுச் சும்மா காத்திருக்கக் கூடாது. தார்ப்பாயில் கிடத்தி, நாலு பேர் ஓரங்களைத் தூக்கிப் பிடித்து, தண்ணீரும் ஐஸும் கொட்டி ஆட்டிக்கொண்டே இருக்கட்டும். ஒருவன் தலையை நீருக்கு மேல் தாங்கட்டும். முதலில் குளிர்விப்பு, பிறகு ஆஸ்பத்திரி. நினைவு தெளியாதவன் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

மலையில் சேதம் வேறு விதம். காற்று 10 டிகிரி சூடேறினால் அதன் அடர்த்தி 3 சதவீதத்துக்கு மேல் குறையும். ஹெலிகாப்டர் இறக்கைக்குப் பிடிமானம் குறைகிறது. எந்திரத்தையோ எரிபொருளையோ விட்டுவிட்டுப் பறக்க முடியாதே, எல்லைக் காவல் நிலைக்குப் போகும் அரிசி மூட்டையைத்தான் இறக்குவார்கள்.

சிக்கிமில் பனியாறு பின்வாங்கப் பின்வாங்கத் தெற்கு லோனாக் ஏரி பெருத்துக்கொண்டே வந்தது. 2023 அக்டோபர் தொடக்கத்தில் ஓர் இரவு அதன் கரைச்சரிவு ஏரிக்குள் விழ, நீர் எகிறிக் கரையை உடைத்தது. சுங்தாங்கில் 1200 மெகாவாட் மின்திட்டத்தின் அணை போனது. கீழே பர்டாங்கில் நிறுத்தியிருந்த ராணுவ வண்டிகள் சேற்றில் புதைந்தன, வீரர்கள் மடிந்தார்கள். வெடிமருந்துகள் தீஸ்தா ஆற்றோடு மேற்கு வங்கம்வரை போயின. ஜல்பைகுரி மாவட்டத்தில் அப்படிக் கரை சேர்ந்த ஒரு சிறுபீரங்கிக் குண்டு (மார்ட்டர்) வெடித்து ஊர் மக்கள் உயிர் போனது. ஆற்றோரம் கிடங்கு வைக்கும்போது பழைய வெள்ளக்குறியை மட்டும் பார்த்தால் போதாது, மேலே என்ன ஏரி இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை.

அந்த மூன்று வெப்பமானியை நீயே அமைக்கலாம். உருண்டைக்குத் தொட்டி மிதவையின் செம்புப் பந்து போதும். பளபளப்பில்லாத கறுப்பு பெயின்ட்தான் அடிக்க வேண்டும். முறையான விட்டம் 15 செ.மீ., சின்னப் பந்து கொஞ்சம் குறைத்தே காட்டும். திரிக்கு பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்று, ஆசிட் அல்ல. நம் கடலோர உப்புத்தண்ணீர் ஊற்றினால் திரியில் உப்புப் படிந்து அளவு தப்பாகும்.

உன்,
ராமு