செம்பாறை நாட்டுக்குப் படம் மட்டும் போதாது, நேரமும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை நெருங்கினாலே சுற்றுலாப் பக்கங்களில் அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைநிலம் வந்துவிடுகிறது. யூட்டா, அரிசோனா மாநிலங்களின் சிவந்த பாறைகள், வளைவுகள், இடுக்குப் பள்ளத்தாக்குகள் எல்லாம் படங்களில் கண்ணைப் பறிக்கின்றன. எத்தனை மணிக்கு இறங்குவது, எங்கே திரும்புவது, எந்த மாதத்தில் எதைத் தவிர்ப்பது என்ற விவரம்தான் அந்தக் கட்டுரைகளில் இருப்பதில்லை. அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகள், விடுமுறைக்குப் போகும் தாத்தா பாட்டி, பள்ளிக்கூட வயதுப் பேரப்பிள்ளைகள் என்று மூன்று தலைமுறை ஒரே வேனில் கிளம்பும் பயணம் இது. ஊர்ப் பெயர்களை வரிசையாக அடுக்கிக் கொடுத்தால் அதை நம்பி நண்பகலில் பள்ளத்தாக்கில் இறங்குகிறார்கள்.

முதலில் கடிகாரம். பலரும் பயணத்தைத் தொடங்கும் லாஸ் வேகஸைவிட யூட்டா ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அமெரிக்காவின் பெரும்பகுதியில் கோடைக்காக மார்ச்சில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் திருப்பி வைப்பார்கள்; அரிசோனா அப்படித் திருப்பி வைப்பதில்லை. ஆகவே மார்ச்சிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை லாஸ் வேகஸும் அரிசோனாவும் ஒரே நேரம். ஆனால் அரிசோனாவுக்குள்ளேயே இருக்கும் நவஹோ நேஷன் (நவஹோ பழங்குடியினரின் தன்னாட்சி நிலம்) கடிகாரத்தைத் திருப்பி வைக்கிறது. அங்கே கோடையில் யூட்டா நேரம். ஆண்டலோப் கேன்யன் என்ற இடுக்குப் பள்ளத்தாக்கு நவஹோ நிலத்தில் இருந்தாலும் அதன் சுற்றுலா நேரங்கள் பக்கத்து ஊரான பேஜ் பின்பற்றும் அரிசோனா நேரப்படி நடக்கின்றன. பேஜில் கைபேசி எந்தக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அந்த நேரத்தைக் காட்டும். ஒரே அறையில் இரண்டு போன்கள் இரண்டு நேரம் சொல்லும். அங்கே ஒரு மணி நேரம் முன்னதாகப் போய் வெயிலில் நிற்கலாம், பெரிய நஷ்டமில்லை. நவஹோ நேரப்படி நடக்கும் மானுமென்ட் வேலியில் தலைகீழ்: அரிசோனா நேரத்தை நம்பிப் போனால் முன்பதிவு கைவிட்டுப் போகும். தானாக மாறும் நேர அமைப்பை அணைத்து, பேஜில் இருக்கும்வரை அரிசோனா தலைநகரான ஃபீனிக்ஸின் நேரத்தை வைத்துக்கொள்வதே சுலபம்.

அடுத்து வெள்ளம். இதைத்தான் நம்மவர்கள் கடைசிவரை நம்புவதில்லை. தலைக்கு மேல் நீலவானம், காலடியில் உலர்ந்த மணல், தண்ணீர் எங்கிருந்து வரும் என்று கேட்கிறார்கள். மேட்டுநிலம் முழுக்க வெற்றுப்பாறை. மண் இருக்கும் இடத்திலும் அது இறுகிக் கிடப்பதால் தண்ணீரை உறிஞ்சுவது குறைவு. மொட்டை மாடியில் பெய்த மழையெல்லாம் ஒரே குழாயில் இறங்குவதைப் போல, பல மைல் பரப்பில் விழுந்த மழை ஒரே இடுக்கில் வந்து சேர்கிறது. 1997 ஆகஸ்ட் 12 அன்று கீழ் ஆண்டலோப் கேன்யனில் பதினொரு சுற்றுலாப் பயணிகள் இறந்தது இப்படித்தான். மழை கொட்டியது மைல்கள் தள்ளி. 2015 செப்டம்பர் 14 அன்று சயான் தேசியப் பூங்காவின் கீஹோல் கேன்யனில் ஏழு பேர் இறந்தார்கள். அன்று வெள்ளம் வரும் வாய்ப்பு இருப்பதாக முன்பே சொல்லப்பட்டிருந்தது.

இடுக்குப் பள்ளத்தாக்கில் நடக்கும்போது ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். இரண்டு சுவருக்கும் நடுவே, ஆள் உயரத்தைப் போல் மூன்று நான்கு மடங்கு மேலே, பட்டை உரிந்த ஒரு முழு மரம் குறுக்கே சிக்கிக் கிடக்கும். அதன் கிளைக் கவையில் காய்ந்த சேறும் சருகும் அடைத்திருக்கும். முன்பு வந்த வெள்ளம் அந்த உயரம்வரை ஓடியிருக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

பருவமழை ஜூன் நடுவில் தொடங்கிச் செப்டம்பர் முடியும்வரை. உச்சம் ஜூலையும் ஆகஸ்டும். இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் கட்டும். ஆகவே அந்த மாதங்களில் இடுக்குக்குள் நுழைவதானால் விடிந்ததும் நுழைந்து, நண்பகலுக்கு முன் வெளியே வந்துவிட வேண்டும். அமெரிக்க தேசிய வானிலைச் சேவை தென் யூட்டாவின் பூங்காக்களுக்கு அன்றன்றைய திடீர் வெள்ள வாய்ப்பை நான்கு படிகளில் வெளியிடுகிறது: எதிர்பார்க்கவில்லை, நேரலாம், நேர வாய்ப்பு அதிகம், நிச்சயம் எதிர்பார்க்கலாம். பிள்ளைகளோடு போகிறவர்கள் முதல் படியைத் தவிர வேறு எதிலும் இறங்கக் கூடாது என்பது என் கருத்து. உள்ளே இருக்கும்போது தெளிந்த தண்ணீர் கலங்கினால், சுள்ளியும் சருகும் மிதந்து வந்தால், காற்று திடீரென்று எழுந்தால், தூரத்தில் இரைச்சல் கேட்டால், பையை விட்டுவிட்டு உயரமான இடத்துக்கு ஏறிவிடுங்கள். வந்த வழியே ஓடித் தப்ப நினைப்பதுதான் பலரும் செய்யும் பிழை. தண்ணீர் உங்களைவிட வேகம். சில அடி உயரம் ஏறினால்கூட உயிர் பிழைக்க வழி உண்டு. பிறகு தண்ணீர் வடியும்வரை அங்கேயே இருங்கள், மணிக்கணக்கானாலும் சரி.

ஆண்டலோப்பில் வழிகாட்டி இல்லாமல் யாரும் நுழைய முடியாது. நவஹோ அனுமதி பெற்ற வழிகாட்டிகள் மட்டுமே கூட்டிப் போவார்கள். மேல் ஆண்டலோப்பில் இடுக்குக்குள் தரைமட்டத்தில் நடக்கலாம், ஆனால் திரும்பும் வழியில் படிகள் உண்டு. முழங்கால் வலிக்காரர்கள் முன்பதிவுக்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். கீழ் ஆண்டலோப்பில் செங்குத்தான இரும்பு ஏணிப்படிகளில் இறங்க வேண்டும்.

சயானின் நேரோஸ் நடை வேறு மாதிரி. பாதை என்று எதுவுமில்லை, விர்ஜின் ஆற்றுக்குள்ளேயே நடக்க வேண்டும். ஓட்டம் விநாடிக்கு 150 கன அடியைத் தாண்டினால் பூங்கா அதை மூடிவிடும். அதற்குக் கீழே இருந்தாலும் சிறுபிள்ளைகளுக்கு முழங்கால் தண்ணீரே இழுப்பு. படுகை முழுக்க உருண்டைக் கற்கள். தரையில் ஒரு மணி நேரத்தில் போகிற தூரத்துக்கு இங்கே இரண்டு மணி நேரம் வையுங்கள். பூங்கா வாசலில் இருக்கும் ஸ்பிரிங்டேல் ஊரில் தண்ணீர்க் காலணியும் கைத்தடியும் வாடகைக்குக் கிடைக்கும். செருப்பு வேண்டவே வேண்டாம். கல்லிடுக்கில் விரல் மாட்டும். பருத்தி பேன்ட் நனைந்தால் காயாது, நிழலான இடுக்கில் குளிர் எலும்புவரை ஏறும். இதே பருத்திச் சட்டையை கிராண்ட் கேன்யன் வெயிலில் நனைத்துப் போட்டுக்கொண்டால் உடம்பு குளிரும். இடத்துக்குத் தக்க துணி. இன்னொன்று: விர்ஜின் ஆற்றில் நச்சுப்பாசி இருப்பது 2020இல் கண்டறியப்பட்டது. அந்த நச்சைச் சாதாரண வடிகட்டி நீக்காது. பிள்ளைகள் தலையை முக்கி விளையாடுவதையும் வாயில் தண்ணீர் போவதையும் தடுங்கள். ஆற்றில் இறங்க விருப்பமில்லாதவர்களுக்கு, நேரோஸ் தொடங்கும் இடம்வரை போகும் ரிவர்சைடு வாக் தளம் போட்ட பாதை. போக வர 3.5 கி.மீ. சயானின் செங்குத்தான பாறை முனையான ஏஞ்சல்ஸ் லேண்டிங்கில், சங்கிலியைப் பிடித்து ஏறும் பகுதிக்கு 2022 ஏப்ரல் முதல் குலுக்கலில் அனுமதி பெற வேண்டும். அனுமதி கிடைத்தாலும் சிறுவர்களை அங்கே கூட்டிப்போக வேண்டாம்.

கிராண்ட் கேன்யனில் நடப்பது தலைகீழ் மலையேற்றம். சுலபமான பாதி முதலில், கடினமான பாதி களைத்த பிறகு, அதுவும் உச்சி வெயிலில். தென் விளிம்பு சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இறங்க இறங்க, ஒவ்வொரு 300 மீட்டருக்கும் வெப்பம் ஏறக்குறைய 3 டிகிரி கூடும். விளிம்பில் 29 டிகிரி இதமாக இருக்கும்போது அடியில் 40ஐத் தாண்டியிருக்கும். ஏறுவதற்கு இறங்கியதைப் போல் இரண்டு மடங்கு நேரம் ஆகும். ஆகவே அரை மணி நேரம் இறங்கினால் ஒரு மணி நேரத்தை ஏற்றத்துக்கு ஒதுக்குங்கள். கொண்டுபோன தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு தீர்ந்ததும், எந்த வளைவில் நின்றாலும், திரும்பிவிடுங்கள். கோடையில் காலை 10 முதல் மாலை 4 வரை பள்ளத்தாக்குக்குள் நடக்கக் கூடாது என்று பூங்காவின் காவலர்களான ரேஞ்சர்களே சொல்கிறார்கள். அடியில் ஓடும் கொலராடோ ஆறுவரை இறங்கி அன்றே ஏறுவதையும் அவர்கள் வேண்டாம் என்கிறார்கள். "ஒரே நாளில் கொலராடோ நதியைத் தொட்டுவரலாம்" என்று இனி எந்தக் கட்டுரையிலாவது வந்தால் அந்த வரியை வெட்டிவிடுங்கள், ஐயா.

குடும்பத்துக்குத் தோதான இலக்கு சவுத் கைபாப் பாதையில் ஊ-ஆ முனை; விளிம்பிலிருந்து 0.9 மைல். தெம்பு இருந்தால் 1.5 மைலில் சீடர் ரிட்ஜ், அதோடு சரி. அந்தப் பாதையில் தண்ணீரும் கிடையாது, நிழலும் கிடையாது. பிரைட் ஏஞ்சல் பாதையில் 1.5 மைலிலும் 3 மைலிலும் நிழலில் இளைப்பாறும் கூடங்களும் பருவகாலக் குடிநீர்க் குழாய்களும் உண்டு. ஆனால் பூங்காவுக்கு நீர் கொண்டுவரும் பழைய குழாய்த்தொடர் அடிக்கடி உடையும். 2024 ஆகஸ்ட் இறுதியில் உடைந்தபோது தென் விளிம்பில் இரவு தங்குவதையே நிறுத்தி வைத்தார்கள். குழாயைக் கணக்கில் சேர்க்காமல் தண்ணீர் எடுத்துப் போங்கள். கோவேறு கழுதைகள் எதிரே வந்தால் மலைச்சுவர்ப் பக்கமாக ஒதுங்கி அசையாமல் நில்லுங்கள். பள்ளத்தின் பக்கம் நிற்கக் கூடாது.

வெயிலில் நடக்க ஆளுக்கு மணிக்கு ஒரு லிட்டர் வரை தேவைப்படலாம். காரில் ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் இருப்பு வையுங்கள். தண்ணீர் மட்டும் போதாது, கூடவே உப்பு வேண்டும். சாப்பிடாமல் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே போனால் இரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, வாந்தி, தடுமாற்றம் வரும். பார்த்தால் வெயில் மயக்கம் மாதிரியே இருக்கும். பயந்துபோய் இன்னும் தண்ணீர் கொடுப்பார்கள், நிலைமை மோசமாகும். நிறையக் குடித்திருக்கிறார், சிறுநீர் நிறமில்லாமல் தெளிவாகப் போகிறது என்றால் தண்ணீரை நிறுத்தி உப்புள்ள தின்பண்டம் கொடுங்கள். பேச்சு குழறினால் இரண்டில் எதுவானாலும் அவசரநிலைதான். உடம்பு கொதித்தால் நிழலில் கிடத்தி, உடையை நனைத்து, விசிறி, அவசர எண்ணான 911ஐ அழையுங்கள். அழைப்பு போகாத இடத்தில் குறுஞ்செய்தி சில சமயம் போய்ச் சேரும்.

வண்டி விஷயம். லாஸ் வேகஸிலிருந்து ஸ்பிரிங்டேலுக்கு சுமார் 160 மைல். சயானிலிருந்து பிரைஸ் கேன்யனுக்கு இரண்டு மணி நேரம். அங்கிருந்து பேஜ் ஏறக்குறைய மூன்று மணி நேரம். பேஜிலிருந்து கிராண்ட் கேன்யன் தென் விளிம்பு இரண்டரை மணி நேரம். ஒரு வாரத்துக்கு இந்த வட்டமே நிறைவு. கிழக்கு யூட்டாவின் மோவாப் ஊரையும் அதன் அருகிலுள்ள ஆர்ச்சஸ் பூங்காவையும் இதிலேயே திணித்தால் எல்லா இடத்துக்கும் நண்பகலில்தான் போய்ச் சேர்வீர்கள். ஆர்ச்சஸின் டெலிகேட் ஆர்ச் பாதையோ போக வர 3 மைல், பாறைமேல் நிழலற்ற ஏற்றம். மோவாப் போவதானால் தனியாக மூன்று நாள் ஒதுக்குங்கள். ஐ-70 நெடுஞ்சாலையில் சலைனாவுக்கும் கிரீன் ரிவருக்கும் இடையே 100 மைலுக்கு மேல் பெட்ரோல் பங்க் கிடையாது. டேங்க் பாதி ஆனதும் நிரப்புவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். வழிகாட்டிச் செயலி குறுக்குவழி என்று மண்சாலையைக் காட்டும். காட்டன்வுட் கேன்யன் சாலை போன்றவற்றில் களிமண் நனைந்தால் நான்கு சக்கர இயக்க வண்டியும் வழுக்கி நின்றுவிடும். வாடகை ஒப்பந்தங்கள் பலவற்றில் மண்சாலைக்கு அனுமதி இல்லை; இழுத்து வரும் செலவு உங்கள் தலையில். வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்து, தாளிலும் ஒன்று வைத்திருங்கள்.

கட்டணம் பற்றிய பழைய தகவலும் இன்னும் அச்சாகிறது. 2026 ஜனவரி 1 முதல், அமெரிக்காவில் வசிக்காதவர்களுக்கான ஆண்டு அனுமதி அட்டை 250 டாலர், வசிப்பவர்களுக்கு 80. அட்டை இல்லாத, அமெரிக்காவில் வசிக்காதவர் 16 வயது நிரம்பியவரானால் கிராண்ட் கேன்யன், சயான், பிரைஸ் உட்படப் பதினொரு பூங்காக்களில் வழக்கமான கட்டணத்துக்கு மேல் ஆளுக்கு 100 டாலர் கட்ட வேண்டும். விருந்தாளியாகப் போயிருக்கும் பெற்றோரைக் கூட்டிப் போகிறவர்கள் கிளம்பும் முன்பே பூங்காவின் தளத்தில் பார்த்துக் கணக்குப் போடுவது நல்லது. இந்த அட்டை எதுவும் நவஹோ நிலத்தில் செல்லாது. அங்கே கட்டணம் தனி.

பெரியவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. பிரைஸின் விளிம்பு 2,400 மீட்டருக்கு மேல். படியேறும்போது மூச்சு வாங்கும், மே மாத இரவிலும் உறைபனி உண்டு. இரத்த அழுத்தத்துக்கு நீர்பிரிப்பு மாத்திரை எடுப்பவர்களை வெயில் சீக்கிரம் தாக்கும். கிளம்பும் முன் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். நிறுத்திய காருக்குள் இன்சுலின் கெட்டுவிடும். குளிர்ப்பெட்டியில், பனிக்கட்டியைத் தொடாதபடி வையுங்கள். கிராண்ட் கேன்யனில் அவர்கள் இறங்கவே வேண்டியதில்லை. விளிம்பை ஒட்டிய பாதையில் பெரும்பகுதி தளம் போட்டது, இலவசப் பேருந்து உண்டு, காட்சியும் குறைவில்லை. இறங்குகிறவர்கள் எந்தப் பாதை, எந்த இடம்வரை, எத்தனை மணிக்குள் வராவிட்டால் ரேஞ்சரிடம் சொல்ல வேண்டும் என்பதை மூன்று வரியில் எழுதி, மேலே இருப்பவர் கையில் கொடுத்துவிட்டு இறங்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்