சாணியைப் பார்த்துவிட்டு மருந்து சொன்னவர்களுக்கு

குமரி மாவட்டத்து அனந்தனாறு சானல் கரையோரம் மாடு வளர்ப்பவர்கள் சேர்ந்து எழுதும் நன்றி மடல் இது.

முதல் நன்றி கால்நடை டாக்டர் அம்மாவுக்கு. கழிகிற மாட்டுக்கெல்லாம் ஒரே குடற்புழு மாத்திரை என்ற வழக்கத்தை நிறுத்தியவர் அவர்தான். கன்னிப்பூ நெல் அறுத்ததும் மாடுகள் ஏலாவில், அதாவது வயல்வெளியில் இறங்கும். நத்தை கிடக்கும் அந்த ஈரப் புல்லில்தான் தட்டைப்புழு ஏறும். பென்பெண்டசோல் உருண்டைப்புழுவுக்கு நல்ல மருந்து. இரைப்பைத் தட்டைப்புழுவின் குஞ்சுகள் சிறுகுடலைக் குடைந்து நாற்றமடிக்கும் தண்ணீர்க் கழிச்சல் போகும்போது அது கேட்காது. அதற்கு ஆக்ஸிக்ளோசனைடு. குஞ்சுப் பருவத்தில் புழு முட்டையிடாது என்பதால் சோதனையில் முட்டை இல்லாவிட்டாலும் விட்டுவிடாமல், கழிச்சலைத் தண்ணீரில் அலசி, சிவந்த சிறு புழு தெரிகிறதா என்று பார்க்க வைத்தார்.

ஆய்வகத்தாருக்கும் நன்றி. உப்புக்கரைசலில் உருண்டைப்புழு முட்டை மிதக்கும். தட்டைப்புழு முட்டை கனமானது, அடியில் படியும். இரண்டு விதமாகவும் பார்த்துச் சொன்னார்கள். தரையில் கிடந்த சாணியை அள்ளிக் கொடுத்தால் மண்புழுதியோடு அதிலுள்ள வேறு புழுக்களும் சேர்ந்துவிடும். மலக்குடலிலிருந்தே 10 கிராம் எடுத்து, டப்பாவை நிறைத்து மூடி, பால் வண்டியில் ஐஸ் பெட்டியோடு கொண்டுபோன தம்பிக்குத் தனி நன்றி. வெயிலில் வைத்தால் முட்டை பொரிந்து புழு வெளியே வந்துவிடும், அப்புறம் எண்ணிக்கை எங்கே?

மருந்தின் அளவுக்கு மாட்டின் எடை தெரிய வேண்டுமே, பால் சொசைட்டி அக்காமார் டேப் பிடித்தார்கள். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்று 60 அங்குலம், தோள் முனையிலிருந்து வாலடியிலுள்ள இடுப்பெலும்பு முனை வரை நீளம் 54 என்றால், 60×60×54 ÷ 660, சுமார் 295 கிலோ. ஒன்றரை கிராம் பென்பெண்டசோல் மாத்திரை 300 கிலோவுக்குச் சரி. 400 கிலோ கலப்பினப் பசுவுக்கு 2 கிராம் வேண்டும். குறைத்துக் கொடுத்தால் தப்பும் புழுதான் அடுத்த தலைமுறை.

மருந்துக்கடை அண்ணன் சினை எத்தனை நாள் என்று கேட்காமல் அல்பெண்டசோல் தரவில்லை. தொடக்கச் சினையில் அது கருவைக் கெடுக்கும். தாய்ப்பால் வழியே வரும் பெரிய உருண்டைப்புழுவுக்காகக் கன்றுக்குப் பிறந்த 10-15 நாளில் பைப்பரசின் கொடுத்து, தலையை ரொம்பத் தூக்காமல் கடைவாயில் ஊற்றக் காட்டிய உதவியாளருக்கும் நன்றி. மருந்து நுரையீரலுக்குப் போனால் கன்று பிழைக்காது.

மருந்து கொடுத்த 14-ஆம் நாள் மறுசோதனைக்கு டப்பாக்கள் கழுவிக் காயவைத்திருக்கிறோம். டேப் சொசைட்டி ஆணியிலேயே தொங்குகிறது.