மானிட்டர் மேல் பழி

மதுரை,
ஞாயிறு காலை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டுவலி குறைந்து மாடிப்படி ஏறுகிறாய் என்பதே எனக்குப் பெரிய செய்தி. பேத்திக்காகக் கணினியில் திரைக்குப் படம் அனுப்பும் புது கிராஃபிக்ஸ் கார்டு போட்டதிலிருந்து மானிட்டர் இருண்டு கிடக்கிறது, வேறு வாங்கப்போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். பொறு, பணத்தை எடுக்காதே. போன மாதம் நானும் இதே பள்ளத்தில் விழுந்தேன்.

என் பழைய மடிக்கணினியில் விண்டோஸ் 11 ஏறவில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவோ 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. வேறு வழியின்றிப் புதியது வாங்கினேன். இரண்டு மானிட்டர் இல்லாமல் எனக்கு வேலை ஓடாது என்பது உனக்குத் தெரியும்: இடப்பக்கம் கையெழுத்துப் பிரதி, வலப்பக்கம் நான் வடிவமைக்கும் பக்கம். பழையதில் ஒன்றை விஜிஏ என்ற பழைய திரை இணைப்பிலும் மற்றொன்றை அதற்குப் பின் வந்த எச்டிஎம்ஐ-யிலும் மாட்டியிருந்தேன். புதியதில் விஜிஏ-வே கிடையாது. ஒரு எச்டிஎம்ஐ, இரண்டு டைப்-சி. சரி என்று டைப்-சியை எச்டிஎம்ஐ ஆக்கும் ஒரு கன்வெர்ட்டர் வாங்கி டைப்-சியில் செருகினேன். இடப்பக்க மானிட்டர் ‘சிக்னல் இல்லை’ என்று காட்டிவிட்டுத் தூங்கப் போய்விட்டது.

கேபிளை மாற்றினேன், டிரைவரை அழித்து மறுபடி போட்டேன். மூன்று இரவுகள் இப்படியே போயின. கிழட்டு மானிட்டர் கண்ணை மூடிவிட்டது என்றே தீர்மானித்துவிட்டேன். கடைசியில்தான் இரண்டையும் இடம் மாற்றி மாட்டிப் பார்த்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை! செத்ததாக நினைத்தது பளிச்சென்று எழுந்தது, நல்லது இருண்டது. வீணாக ஒரு நிரபராதி மேல் பழி போட்டிருக்கிறேன்.

டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு டைப்-சி துளையருகே ‘டி’-க்குள் ‘பி’ பொதிந்த சிறு சின்னம் இருந்தது. நான் செருகிய துளையருகே அது இல்லை. டைப்-சி என்பது துளையின் வடிவத்துக்கு வைத்த பெயர்தான். படத்தை அனுப்பும் டிஸ்ப்ளேபோர்ட் வசதி கொடுத்த துளையில் மட்டுமே படம் வரும். சில கணினிகளில் சின்னம்கூட இருக்காது, கையேட்டைத்தான் புரட்ட வேண்டும். துளையை மாற்றினேன், படம் வந்தது. ஆனால் கன்வெர்ட்டரில் மாட்டியிருந்த, மிக நுணுக்கமான 4கே திரையில் மவுஸ் அம்பு மாட்டுவண்டிபோல நகர்ந்தது. கன்வெர்ட்டர் எச்டிஎம்ஐ 1.4 காலத்துச் சரக்கு. 4கே-யில் நொடிக்கு 30 படத்துக்கு மேல் அதற்குத் தெம்பில்லை. 60 வேண்டுமானால் 2.0 வேண்டும். மறுபடி கடைக்கு நடந்தேன்.

இனி உன் கதை. நாம் சிபியு என்று அழைக்கும் பெட்டியின் பின்பக்கம் போ. மேலே யுஎஸ்பி துளைகளோடு சேர்ந்திருப்பது கணினியின் தாய்ப்பலகையான மதர்போர்டின் எச்டிஎம்ஐ. கார்டின் துளைகள் அதற்குக் கீழே தனி வரிசையில் இருக்கும். கார்டு போட்ட பின்பும் கேபிள் மேலேயே இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். கார்டு வந்ததும் பல மதர்போர்டுகள் தம் சொந்த வழியை மூடிவிடும். கீழே மாற்றிச் செருகு. அப்போதும் இருட்டானால், பவர் சப்ளையிலிருந்து கார்டுக்குத் தனி மின்கம்பி வர வேண்டுமா, வந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல். மானிட்டரில் ‘சோர்ஸ்’ பொத்தானையும் அமுக்கிப் பார். சிரிக்காதே, நான் அதிலும் ஒருமுறை ஏமாந்தவன்.

பார்த்துவிட்டு எழுது. இரு முனையிலும் திருகாணி வைத்த அந்த விஜிஏ கேபிளைப் பரணில் சுருட்டி வைத்திருக்கிறேன். எறிய மனம் வரவில்லை. வீட்டில் தினமும் ஏச்சு வாங்குகிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்