செக் என்ஜின் லைட் எரிந்த காரணத்தை எழுத்தில் தரக் கோரிப் புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்பு மேலாளர் அவர்கள்

ஐயா,

வணக்கம். தேனியில் உள்ள உங்கள் சர்வீஸ் சென்டரில் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் இதை எழுதுகிறேன். என் காரில் செக் என்ஜின் லைட், அதாவது என்ஜினில் கோளாறு என்று டாஷ்போர்டில் காட்டும் விளக்கு, ஏன் எரிந்தது? இதற்கு இன்றுவரை ஒருவரும் பதில் சொல்லவில்லை.

வண்டி நீங்கள் செய்தது, லைட்டும் நீங்கள் வைத்தது. ஸ்கேனரைச் சொருகினால் கோளாறின் எண் திரையில் வந்துவிடும். அதைச் சொல்ல என்ன தயக்கம்? போகும்போதெல்லாம் எண்ணை அழித்து லைட்டை அணைத்து, "சரியாயிடுச்சு சார்" என்று சாவியை நீட்டினார்கள். கோளாறு அப்படியே இருந்தால் லைட் மறுபடி எரியாதா? பெட்ரோலில் கலப்படம் என்று டேங்கைக் காலி செய்தார்கள். பிறகு ஸ்பார்க் பிளக் எல்லாவற்றையும் மாற்றிப் பில் போட்டார்கள். செய்த வேலையைக் குறித்துத் தரும் ஜாப் கார்டில் எந்தக் கோளாறு எண்ணும் இல்லை.

மதுரைக்கு அனுப்பியதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. இங்கே ஸ்கேனர் ரிப்பேர், அங்கே போங்கள் என்றார்கள். லைட் விட்டுவிட்டு மின்னுகிறது, வண்டி உதறுகிறது, இப்படியே ஓட்டலாமா என்று பணிவாகத்தான் கேட்டேன். உங்கள் சர்வீஸ் அட்வைசர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "லைட்ட ஏன் பாக்குறீங்க? ரோட்டப் பாத்து ஓட்டுங்க" என்றார். என் அம்மா பக்கத்தில் நின்றிருந்தார். அந்த லைட் மின்னினால் வண்டியை ஓட்டாதீர்கள் என்று உங்கள் கையேட்டிலேயே அச்சடித்திருக்கிறதே, உங்கள் அட்வைசர் அதைப் படித்ததே இல்லையா? எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்தால் அது உருகிப் பாழாகும். ஆண்டிபட்டிக் கணவாய் ஏற்றத்தில் வண்டி இழுக்கவே இல்லை. பின்னால் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தன. மதுரையில் சொன்ன பதில்: "ஸ்கேன் பண்றவர் லீவு, புதன்கிழமை வாங்க." அனுப்புவதற்கு முன் ஒரு போன் செய்து கேட்டிருக்கக் கூடாதா?

பழனிசெட்டிபட்டியில் ஒரு மெக்கானிக் தன் ஸ்கேனரை மாட்டியதும் பி0303 என்று வந்தது. மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது அதில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. அதன் ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலை இரண்டாவது சிலிண்டரில் மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்த்தார். எண் பி0302 ஆனது. பழுது காயிலோடு நகர்ந்துவிட்டது, அவ்வளவுதான் விஷயம். இதை உங்களிடம் சொன்னால், வெளியாள் கை வைத்ததால் வாரண்டி கிடையாது என்கிறார்கள்! பார்க்க வேண்டியதை நீங்கள் பார்த்திருந்தால் நான் ஏன் வெளியே போகிறேன்?

நான் ஏலக்காய் வியாபாரி. போடி ஏலத்துக்கு நேரத்துக்குப் போக முடியாமல் லட்சக்கணக்கில் நஷ்டம். இத்தனை வருடம் கட்டிக்காத்த வியாபாரமே படுத்துவிட்டது.

தயவுசெய்து காயிலை வாரண்டியில் மாற்றிக் கொடுங்கள். கன்வெர்ட்டரைச் சோதித்து எழுத்தில் அறிக்கை தாருங்கள். தேவையில்லாமல் மாற்றிய பிளக்குகளின் பணத்தைத் திருப்பித் தாருங்கள். அந்த அட்வைசர் என் அம்மா முன்னிலையில் மன்னிப்புக் கேட்க வேண்டும். ஒரு வாரத்துக்குள் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிந்துவிட்டு, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். பில்கள், ஜாப் கார்டுகள், ஸ்கேனர் திரையின் படங்கள் எல்லாம் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன.

அதுவரை போகாமலே முடித்துத் தருவீர்கள் என்று நம்புகிறேன். நன்றி.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
தேனி