சென்சாரை மாற்றும் முன் குழாயைக் கழற்றிப் பாருங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய காரில் ஐட்லிங் (வண்டி நிற்கும்போது இன்ஜின் ஓடும் வேகம்) ஏறி இறங்கி, இன்ஜின் விளக்கும் எரிந்தால் காற்றோட்ட சென்சாரை மாற்றிவிடுங்கள் என்று உங்கள் வாகனப் பக்கத்தில் ஒரே வரியில் முடித்திருந்தீர்கள். அதே யோசனையை ஒரு மெக்கானிக் சொல்ல, நானும் தலையாட்டிவிட்டுப் பட்டவன். அதனால்தான் எழுதுகிறேன்.

என் கார் 18 வயதானது. 1.6 லிட்டர் பெட்ரோல் இன்ஜின். சிக்னலில் நின்றால் நடுங்கும். முதல் கியரில் கிளம்பும்போது ஒரு நொடி திணறும், வேகம் பிடித்துவிட்டால் ஒன்றும் தெரியாது. காரின் கம்ப்யூட்டர் பதிந்துவைத்த கோளாறு எண்ணைப் படிக்கும் ஸ்கேனரில் பி0171 என்று வந்தது. கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்பதைத் தவிர அந்த எண் வேறெதுவும் சொல்வதில்லை. எந்தப் பாகம் கெட்டது என்பது அதற்கே தெரியாது. சரி என்று புது சென்சார் போட்டோம், அந்தக் கோளாறு எண்ணை அழித்தோம், விளக்கு அணைந்தது. நாலாம் நாள் மறுபடி எரிந்தது.

ஏர் ஃபில்டரைத் தாண்டியதும் இருக்கும் அந்த சென்சாருக்குள் மிக மெல்லிய கம்பி ஒன்று உண்டு. மின்சாரம் அதைச் சூடாக்கும், போகிற காற்று அதை ஆற்றும். சூடு இறங்காமல் காக்க எவ்வளவு மின்சாரம் செலவாகிறதோ, அதை வைத்துத்தான் உள்ளே போன காற்றின் எடை கணக்காகிறது. தன்னைக் கடந்து போகும் காற்றை மட்டும்தான் அது எண்ணும். முன்வாசலில் கணக்குப்பிள்ளை உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்க, கொல்லைப்பக்கமாக ஆட்கள் நுழைந்தால் அவர் என்ன செய்வார்?

என் காரில் கொல்லைக்கதவு, சென்சாருக்கும், ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் திறக்கும் காற்றுக் கதவான த்ராட்டிலுக்கும் நடுவே இருக்கும் மடிப்பு மடிப்பான ரப்பர் குழாய். மேலிருந்து பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது. இரண்டு கிளாம்பையும் தளர்த்தி, வெளியே எடுத்து, இரு கையாலும் இழுத்து விரித்தபோது அடிப்பக்க மடிப்பின் பள்ளத்தில் விரல் நீளத்துக்கு வெடிப்பு வாய் திறந்தது. கிளம்பும்போது இன்ஜின் கொஞ்சம் சாயும், குழாயும் இழுபடும். அந்த ஒரு நொடித் திணறல் அதனால்தான்.

இதை ஸ்கேனரிலேயே பிடித்திருக்கலாம் என்பதுதான் எரிச்சல். ஃபியூயல் டிரிம் என்று ஒரு கணக்கு அதில் தெரியும்: கலவையைச் சரிக்கட்ட கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்பது. ஐட்லிங்கில் அது +22, இன்ஜினை நிமிடத்துக்கு 2,500 சுற்றில் வைத்தால் +5. த்ராட்டில் மூடியிருக்கும்போது உள்ளே போவதே கொஞ்சம் காற்று, அதில் ஓட்டை வழியாக வருவது பெரிய பங்கு. சுற்று ஏற ஏற அந்தப் பங்கு சிறுத்துவிடும். சென்சார் அழுக்காகிக் குறைத்துக் காட்டினால் பெரும்பாலும் கதை தலைகீழ்: சுற்றும் சுமையும் ஏறும்போதுதான் எண் கூடும்.

அழுக்கானாலும் உடனே மாற்ற வேண்டியதில்லை. அதற்கென்றே விற்கும் ஸ்பிரேயை அடித்து, நன்றாக உலரவிட்டு மாட்டினால் பல நேரம் போதும். கார்புரேட்டர் கிளீனர் வேண்டாம், கம்பியைத் துணியாலோ விரலாலோ தொடவும் வேண்டாம். எண்ணெய் தடவிப் போடும் ஃபில்டர் என்றால் அந்த எண்ணெயே கம்பியில் படிந்திருக்கலாம். அப்புறம், கசிவு தேடுகிறேன் என்று சூடான இன்ஜின்மேல் பெட்ரோல் பீய்ச்சுகிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன். பார்த்ததும் தள்ளி நின்றுகொள்வேன். புகை விட்டுப் பார்க்கும் கருவி இருக்கும்போது எதற்கு அந்த விளையாட்டு?

இன்னொன்று. சில கார்களில் இந்த சென்சாரே கிடையாது. சிறிய பெட்ரோல் கார்கள் பலவற்றில் த்ராட்டிலைத் தாண்டிக் காற்றை சிலிண்டர்களுக்குப் பிரித்தனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கும் சென்சார்தான் உண்டு. அந்தக் கார்களில் காற்றுக் கசிவு வந்தால் ஐட்லிங் உயர்ந்து நிற்பதே வழக்கம், கலவை அவ்வளவாகக் கெடாது. உங்கள் குறிப்பைப் படித்துவிட்டு, இல்லாத பாகத்தைத் தேடப் போகிறவர்களுக்காவது இதைத் திருத்திப் போடுங்கள்.

ரப்பர் குழாயை மாற்றியதும் பழைய சென்சாரையே திரும்ப மாட்டினேன். டிரிம் +3-ல் நிற்கிறது. நாலு நாள் ஓடிய புது சென்சாரைக் கடையில் திரும்ப வாங்க மறுத்துவிட்டார்கள். அட்டைப்பெட்டியோடு அலமாரியில் கிடக்கிறது.

இப்படிக்கு,
பழைய கார் வைத்திருக்கும் வாசகர்