மழைக்கு முன் ஒரு கடிதம்: பாதை அறுந்தால் பள்ளி என்ன செய்யும்?

ஏற்காடு
செப்டம்பர் 2025

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் சமூக அறிவியல் பாடத்துக்காகத் திரட்டிய இடிந்த பாலங்களின் படங்கள் பள்ளித் தாழ்வாரத்தில் ஒட்டப்பட்டிருக்கின்றன. "தினமும் மலைப்பாதையில் பஸ்ஸில் வருகிற பிள்ளைகளுக்கு இதையா காட்டுவது?" என்று உங்களில் சிலர் என்னிடம் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். ஆனாலும் படங்களை எடுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதற்கான காரணத்தையும், வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் நாம் சேர்ந்து செய்து முடிக்க வேண்டியதையும் இதில் எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் அதிகம் கூடி நிற்பது குஜராத்தின் கம்பீரா பாலத்தின் முன்னால். வடோதரா, ஆனந்த் மாவட்டங்களுக்கு நடுவே மகிசாகர் ஆற்றின் மேல் 1985இல் கட்டப்பட்ட பாலம் அது. கடந்த ஜூலை 9ஆம் தேதி காலையில் அதன் ஒரு பகுதி இடிந்து, வண்டிகள் ஆற்றுக்குள் விழுந்தன. குறைந்தது இருபது பேர் இறந்துபோனார்கள். உடைந்த விளிம்பில் ஒரு டேங்கர் லாரி வாரக்கணக்கில் தொங்கிக்கொண்டிருந்ததே, அந்தப் படம்தான். பையன்களின் கண் டேங்கரை விட்டு நகர்வதில்லை. ஆசிரியர் அவர்களுக்குக் கொடுத்த கேள்வி வேறு: ஆற்றின் இக்கரையில் வீடும் அக்கரையில் வேலையும் வைத்திருந்தவர்கள் மறுநாள் காலை என்ன செய்திருப்பார்கள்? கல்லூரி அக்கரையில் இருந்த பெண் எத்தனை மணிக்கு எழுந்திருப்பாள்?

இதைக் கேட்கத்தான் அந்தப் பாடம். விபத்து நடந்த நாளைத் தொலைக்காட்சி காட்டிவிடும். அடுத்து வரும் மாதங்களை யாரும் காட்டுவதில்லை. அமெரிக்காவின் பால்டிமோரில் 2024 மார்ச் 26ஆம் தேதி நள்ளிரவு தாண்டி ஒரு சரக்குக் கப்பல் மோதி, 1977இல் திறக்கப்பட்ட பெரும் பாலம் சரிந்தது. அந்தக் கப்பலின் ஊழியர்களில் பெரும்பாலோர் நம் நாட்டவர்கள் என்பதால் இங்கேயும் அதைப் பேசினோம். இறந்த ஆறு பேரும் பாலத்தின் மேல் சாலைக் குழிகளை அடைத்துக்கொண்டிருந்த இரவுப் பணியாளர்கள்; பிழைப்புக்காக வேறு நாடுகளிலிருந்து வந்தவர்கள். அந்த நகரத்துச் சுரங்கப்பாதைகளில் எரிபொருள் போன்ற ஆபத்தான சரக்கு ஏற்றிய லாரிகளுக்கு அனுமதி கிடையாது. பாலம் போனபின் அந்த லாரிகளெல்லாம் நகரைச் சுற்றித்தான் போக வேண்டியிருந்தது. இடிந்த பாலம் விழுந்து அடைத்த துறைமுகத்துக் கால்வாய் முழுதாகத் திறக்க ஜூன் ஆகிவிட்டது. அதுவரை அங்கே சரக்கு ஏற்றி இறக்குகிறவர்களுக்குச் சரியான வேலை இல்லை.

அதே அமெரிக்காவின் மின்னியாபொலிஸ் நகரில் மிசிசிப்பி ஆற்றின் மேல் இருந்த நெடுஞ்சாலைப் பாலம் 2007 ஆகஸ்ட் 1ஆம் தேதி மாலை விழுந்தது. 13 பேர் இறந்தார்கள், 145 பேர் காயமடைந்தார்கள். இரும்புச் சட்டங்களை ஒன்றோடொன்று இணைக்கும் தகடுகள், இருக்க வேண்டிய கனத்தில் பாதிதான் இருந்தன என்று விசாரணையில் தெரிந்தது. வடிவமைப்பிலேயே நேர்ந்த பிழை அது. 1967இல் திறந்த பாலம் அந்தப் பிழையோடு நாற்பது ஆண்டு நின்றிருக்கிறது. அன்று பராமரிப்பு வேலைக்காக மணலும் ஜல்லியும் இயந்திரங்களும் மேலே ஏற்றப்பட்டிருந்தன, தகடுகள் தாங்கவில்லை. அந்த நேரத்தில் பாலத்தின் மேல் ஐம்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளோடு ஒரு பள்ளிப் பேருந்து இருந்தது. அது பக்கவாட்டுத் தடுப்பில் சாய்ந்து நின்றுவிட, உடன் வந்த இளைஞர் ஒருவர் பின்பக்க அவசரக் கதவை உதைத்துத் திறந்து பிள்ளைகளை இறக்கினார். அத்தனை பேரும் பிழைத்தார்கள்.

இதைப் படித்த மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில், நீங்கள் வரும் பஸ்ஸில் அவசர வழி எங்கே இருக்கிறது என்று கேட்டேன். உயர்ந்த கைகள் மிகக் குறைவு. பிள்ளைகள் பயந்துவிடுவார்கள் என்று கவலைப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கதவு இருக்கும் இடம் தெரிந்த பிள்ளைக்குப் பயம் குறையத்தான் செய்யும். இனி ஒவ்வொரு வகுப்பிலும் இதைச் சொல்லித் தருகிறோம். வீட்டிலும் ஒருமுறை கேளுங்கள்.

குஜராத்தும் அமெரிக்காவும் எங்கோ இருக்கின்றன என்று தோன்றினால், தென்பெண்ணையை நினைத்துப் பாருங்கள். திருவண்ணாமலை மாவட்டத்தில் அகரம்பள்ளிப்பட்டையும் தொண்டமானூரையும் இணைத்து, சுமார் 16 கோடி ரூபாயில் கட்டிய உயர்மட்டப் பாலம் 2024 செப்டம்பரில் திறக்கப்பட்டது. ஃபெஞ்சல் புயலின்போது டிசம்பர் தொடக்கத்தில், சாத்தனூர் அணை திறந்த வெள்ளத்தில் அது அடித்துப்போனது. நம் மலையின் வடபுறம் பெய்யும் மழை வாணியாறாக இறங்கி அந்தத் தென்பெண்ணையில்தான் சேர்கிறது.

இனி நம் பாதைக்கு வருகிறேன். சேலத்துக்கு நமக்கு இருப்பவை இரண்டு வழிகள். ஒன்று கோரிமேடு, அடிவாரம் வழியாக இருபது கொண்டை ஊசி வளைவுகளோடு போகும் மலைப்பாதை. மற்றொன்று கொட்டச்சேடு, குப்பனூர் வழி. நாற்பது அடிப் பாலம், அறுபது அடிப் பாலம் என்று அளவையே பெயராகக் கொண்ட பாலங்கள் மலைப்பாதையில் இருக்கின்றன. கனமழையில் ஓரிடத்தில் மண் சரிந்தாலும் மொத்தப் போக்குவரத்தும் குப்பனூர் வழிக்குத் திரும்பிவிடும். பால் வண்டி, காய்கறி வண்டி, காஸ் சிலிண்டர் லாரி, 108 ஆம்புலன்ஸ், சுற்றுலாக் கார்கள் எல்லாம் அந்தக் குறுகிய சாலையில். அடைபட்ட சாலையில் பிள்ளைகளை அனுப்ப எல்லோரும் அஞ்சுவார்கள். எனக்கு அதைவிட அதிகக் கவலை திறந்திருக்கும் சாலையைப் பற்றித்தான். அதன் ஓரத்தில் வழக்கம்போல நடந்து வரும் நம் பிள்ளைகளுக்கு, அன்று அது வேறு சாலை.

எனவே மாற்றுப்பாதை அறிவிக்கப்பட்ட நாள்களில் குப்பனூர் வழி ஊர்ப் பிள்ளைகள் தனித்தனியாக நடந்து வரக் கூடாது. ஊருக்கு ஒரு பெரியவரோடு குழுவாக வரட்டும். அன்று முதல் மணி அரை மணி நேரம் தள்ளி அடிக்கும். தாமதம் என்று எந்த ஆசிரியரும் வெளியே நிறுத்த மாட்டார்கள். சேலத்திலிருந்து தினமும் ஏறி வரும் ஆசிரியர்களில் சிலர், எச்சரிக்கை வந்ததுமே மலையில் தங்கிவிட ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அரையாண்டுத் தேர்வு டிசம்பரில் வருவதால் இது முக்கியம். சத்துணவுக்கு அரிசி, பருப்பு கையிருப்பு இருக்கும். காய்கறி வராத நாளில் சாம்பார் சற்றுத் தண்ணீராக இருந்தால் பிள்ளைகள் வந்து புகார் சொல்வார்கள், சிரித்துக்கொள்ளுங்கள்.

நான் மிகவும் அழுத்திச் சொல்ல நினைப்பது ஒன்று உண்டு. வழி நீண்டால் முதலில் படிப்பை விடுவது பெண்பிள்ளைதான். வேலை பார்த்த பள்ளிகளிலெல்லாம் இதைக் கண்டிருக்கிறேன். சாலை சரியாகும்வரை வீட்டில் இருக்கட்டும் என்று தொடங்கும். நவம்பரில் காபிப் பழம் பறிக்கும் காலம் சேர்ந்துகொள்ளும். கூலியும் கிடைக்கிறதே, தம்பியையும் பார்த்துக்கொள்கிறாளே என்று ஆகும். சாலை திறந்துவிடும், அவள் வர மாட்டாள். வருகைப் பதிவேட்டில் அது வெறும் விடுப்பாகத்தான் தெரியும். பாதை காரணமாக மகளை நிறுத்தலாமா என்ற எண்ணம் வந்தால், நிறுத்துமுன் என்னிடம் வாருங்கள். வர முடியாவிட்டால் சொல்லியனுப்புங்கள், நான் வருகிறேன். துணைக்கு ஆள், விடுதியில் இடம், கொஞ்ச நாள் உறவினர் வீட்டிலிருந்து வர அனுமதி என்று ஏதாவது ஒரு வழி செய்யலாம்.

சேலத்தில் வேலை பார்க்கும் பெற்றோர், சாலை அடைபட்டு மாலைக்குள் திரும்ப முடியாமல் போனால் பிள்ளையை யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று எழுதித் தர வேண்டும். அதற்கான படிவம் இத்துடன் இருக்கிறது. பள்ளிக்கு நடந்தே வந்துசேரக்கூடிய ஒருவரின் பெயராக இருக்கட்டும். அடிவாரத்தில் இருக்கும் மாமாவின் பெயர் அன்றைக்கு உதவாது. சிக்னல் கிடைக்காத ஊர்க்காரர்கள் பக்கத்து ஊரில் தகவல் சொல்லக்கூடியவரின் எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். சாலையில் விரிசலோ, சிறுபாலத்தில் அரிப்போ கண்டால் 1077 என்ற மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை எண்ணுக்குச் சொல்லிவிட்டுப் பள்ளிக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளில் படிவங்கள் வகுப்பாசிரியரிடம் வந்துசேர வேண்டும். அந்த வாரம் நடக்கும் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் குப்பனூர் வழி ஊர்களுக்குத் துணை வரும் பெரியவர்களைத் தேர்ந்தெடுக்கிறோம். அந்த ஊர்களிலிருந்து வீட்டுக்கு ஒருவராவது வாருங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்